இரண்டாவது முகூர்த்தம்

"போன தடவ உனக்கு எப்போ ஆச்சு?" என்று அம்மா கேட்டபோது என் வாய் முழுக்கப் பற்பசை நுரை. காலை ஏழு மணி. போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, பல் துலக்கிக்கொண்டே மேடை அலங்காரத்தைப் பற்றி நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் தாமரையா, மல்லிகைச் சரமா, இரண்டும் சேர்த்தா, சேர்த்தால் கண்ணைக் குத்துமா. அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள்.

"எது எப்போ?"

"ஆமா, ஒண்ணும் தெரியாத பாப்பா. ஜோசியர் ரெண்டு முகூர்த்தம் குடுத்திருக்காரு. அன்னிக்கு நீ மணையில உக்கார முடியணும்ல? சீக்கிரம் சொல்லுடி, அடுப்புல பால் இருக்கு."

கல்யாணம் நிச்சயமான வீட்டில் எல்லா அம்மாக்களும் போடுகிற கணக்குதான். தாலி ஏறுகிற நாளில் பெண்ணுக்கு மாதவிலக்கு வந்துவிடக் கூடாது. ஜோசியர் கிரகங்களைப் பார்ப்பார், அம்மா இதைப் பார்ப்பாள்.

"ஒம்பது" என்றேன், பாத்திரம் கழுவும் தொட்டியில் நுரையைத் துப்பிவிட்டு.

அம்மா ஒன்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அங்கிருந்து இருபத்தெட்டு இருபத்தெட்டாக எண்ணிக்கொண்டு போனாள். அடுத்த மாதம் ஏழு. அதற்கடுத்த மாதம் நான்கு. அதற்கும் அடுத்த மாதம் இரண்டு. பென்சில் நின்றது.

"போச்சு. மொத முகூர்த்தம் சரியா அந்த ரெண்டாந்தேதி. அது வேணாம். ரெண்டாவதே வெச்சுக்கலாம்."

முதல் முகூர்த்தத்துக்குப் பதினோரு வாரம் இருந்தது. இரண்டாவதுக்கு அதற்கு மேல் இன்னொரு பதினோரு வாரம். எனக்கென்ன, நிறைய நாள் இருந்தால் நிறையத் திட்டம் போடலாம். சரிம்மா என்றேன்.

"கூட இருக்கற அந்த நர்ஸ் பொண்ண நான் கேட்டதாச் சொல்லு" என்று அம்மா வைத்தாள்.

நர்ஸ் பொண்ணு குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. ஆறடி இரண்டு அங்குலம், மூன்று நாள் தாடி. "நர்ஸ் நல்லா இருக்கேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

இவனைத்தான் நான் கட்டிக்கொள்ளப் போகிறேன். கட்டிக்கொண்டும் விட்டேன், அது வேறு கதை. லிஃப்ட் மெக்கானிக். உயரத்துக்கும் ஒல்லிக்கும் சேர்த்து நான் வைத்த பெயர் குச்சி. நான் வாயை மூடுவதே இல்லை என்பதால் அவன் எனக்கு வைத்த பெயர் ரேடியோ. இந்த வெளிநாட்டில் தொடர்ந்து இருக்க எனக்கு அவனுடைய விசா பேப்பரில் பெயர் ஏற வேண்டியிருந்ததால், நான்கு மாதம் முன்பு ஓர் அலுவலகத்தில் டோக்கன் எடுத்து, வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டுப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டோம். இரண்டு வீட்டுக்கும் தெரியும். "அது பேப்பருக்கு. தாலி ஏறுற வரைக்கும் தனித்தனியாதான் இருக்கணும்" என்றார் அப்பா. சரிப்பா என்றேன். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு நச்சரிக்கிற அப்பாவை ஏமாற்றலாம். நம்பிவிடுகிற அப்பாவை என்ன செய்வது?

ஆனாலும் ஏமாற்றினோம். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, ஜன்னலைத் திறந்தால் பஸ் டிப்போ. அம்மா கூப்பிடும்போது குச்சியின் சட்டைகள் கட்டிலுக்கு அடியில் போகும், குச்சி குளியலறைக்குள் போவான். உடன் தங்கியிருப்பது ஒரு நர்ஸ் என்றும், எப்போதும் டியூட்டியில் இருப்பாள் என்றும் சொல்லி வைத்திருந்தேன்.

அன்றைக்கு வேலையில் இருக்கும்போதுதான் உறைத்தது. நான் வேலை பார்ப்பது பல் செட் செய்கிற பட்டறை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சு எங்களுக்கு வரும். அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, அதிர்கிற தட்டில் வைத்துக் குமிழியெல்லாம் வெளியே விரட்டி, வெள்ளைப் பல்வரிசையாக எடுப்பது என் வேலை. ஒரு மேல்தாடையை ஊற்றிக்கொண்டிருக்கும்போது நினைத்தேன்: ஒன்பதாம் தேதி நாப்கின் வாங்க மழையில் நனைந்துகொண்டே கடைக்கு ஓடினேனே. மழையா? இந்த மாதம் மழையே இல்லையே.

அது போன மாத ஒன்பது.

சாயங்காலம் இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்தன. குச்சி தன் ஸ்பானர் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "ரேடியோ, ஏதாவது பேசு. நீ பேசாம இருந்தா பயமா இருக்கு." நான் பேசாமல் இருந்தது நான்கு நொடி இருக்கும். அப்புறம் மூன்று மணி நேரம் நிறுத்தவே இல்லை. தொட்டில் எங்கே போடுவது, கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தலாமா, பஸ் சத்தத்தில் தூங்குமா, உன் உயரம் வந்தால் பரவாயில்லை, உன் மூக்கு வந்தால் தூக்கிக் கீழே போட்டுவிடுவேன். அவன் சிரித்துக்கொண்டே அழுதான். அப்புறம் நான் விரல் விட்டு எண்ணினேன், சிரிப்பு நின்றுவிட்டது.

முதல் முகூர்த்தம் என்றால் நான்காம் மாதம், யாருக்கும் தெரியாது. இரண்டாவது என்றால் ஏழாம் மாதம்.

"மாலையைத் தடியா கட்டச் சொல்லலாம்" என்றான் குச்சி.

"ஏழு மாசத்துக்கா? மாலை இல்லடா, பந்தலையே கழுத்துல மாட்டணும்."

"அப்ப உங்க வீட்டுல சொல்லிடலாம். நாம சட்டப்படி புருஷன் பொண்டாட்டிதானே?"

"எங்கப்பாகிட்ட நீ சட்டம் பேசு பாக்கலாம்."

  மறுநாள் காலை அம்மாவிடம், முதல் தேதியே இருக்கட்டுமே, மண்டபம் அன்றைக்குத்தான் நன்றாக இருக்கும், வெயில் குறைவு, சொந்தக்காரர்களுக்கு லீவு என்று அடுக்கினேன். அம்மா பென்சிலால் அந்த இரண்டாம் தேதியைத் தட்டினாள்.

"இது?"

"மாத்திரை போட்டுத் தள்ளி வெச்சுக்கலாம்மா. எல்லாரும் பண்றதுதான்."

"உன் சித்தி பொண்ணு அப்படிப் போட்டுட்டுதான் மேடையில மயக்கம் போட்டா. வீடியோல பாரு, தாலி கட்டறப்ப அவ தலைய மூணு பேரு பிடிச்சிருப்பாங்க. வேணாம்."

"நான் தேதிய மாத்திச் சொல்லிட்டேன்னு நெனைக்கறேன்…"

"தோ பாரு, உன் அவசரத்துக்கெல்லாம் தேதிய வளைக்காத. அடுத்த மாசம் வரட்டும், பாத்துக்கலாம். மண்டபத்துக்காரர் ரெண்டு நாளையும் அதுவரைக்கும் பிடிச்சு வெச்சிருக்காரு."

சரி, அடுத்த மாதம் வரவேண்டும். வராது என்பதால் நாங்களே வரவழைத்துக்கொள்ள வேண்டும். குச்சியும் நானும் தரையில் உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி, அடுத்த மாதம் எந்தத் தேதியில் எனக்கு 'வர வேண்டும்' என்று முடிவு செய்தோம். பன்னிரண்டு என்றால் முகூர்த்தத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து இடிக்கும். இருபத்தைந்து என்றால் அம்மா பயந்து டாக்டரிடம் போகச் சொல்வாள். பதினெட்டு. பதினெட்டு என்றால் முதல் முகூர்த்தம் நடுவில் சுத்தமாக விழுகிறது. இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டோம். எவ்வளவு சாமர்த்தியம்!

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி என்ன சொல்ல. எனக்குக் காலையில் வாந்தி, மற்ற நேரமெல்லாம் கல்யாணம். அப்பாவைக் காலி மண்டபத்துக்கு அனுப்பி, வீடியோ போட்டபடி மேடையை அடி அடியாக நடந்து அளக்கச் சொன்னேன். மண்டபம் முழுக்க எனக்கு அவருடைய கட்டைவிரல்தான் தெரிந்தது. நாதஸ்வரக்காரர் வாசித்து அனுப்பியதை வயிற்றின் மேல் போனை வைத்துக் கேட்டேன். "அதுக்கு இன்னும் காதே வந்திருக்காது" என்றான் குச்சி. "வந்ததும் பழசைக் கேக்கணும்ல?" என்றேன். ரவிக்கைக்கு அளவு அனுப்பியபோது ஒன்றரை அங்குலம் கூட்டி எழுதினேன். "என்னடி, அங்க போய் நல்லா சாப்புடற போல" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். பொய் சொல்வதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பத்தாம் தேதி அம்மா கேட்டாள். "ஏழாந்தேதி வரணும். வந்துச்சா?"

"இல்லம்மா. தள்ளிப் போகுது. பதினெட்டு வாக்குல வரும்."

"என்னடி பஸ் டைம் மாதிரி சொல்ற?"

குளியலறைக்குள் ஏதோ விழுந்தது. சிரிப்பை அடக்கப் போய் வாளியில் மோதியிருப்பான்.

"நர்ஸ் இருக்காளா?"

"குளிக்கிறாம்மா."

"எப்பப் பாத்தாலும் குளிச்சிட்டே இருக்கா. நல்ல பொண்ணு" என்றாள் அம்மா.

பதினாறாம் தேதி, பட்டறையில், காலை பதினொன்றரை மணி. கீழ்த்தாடை ஒன்றுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஆரம்பித்த வலி தொடைக்கு இறங்கியது. நான் கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது மாவு கிண்ணத்திலேயே கல்லாகிவிட்டிருந்தது. எனக்கு அதைத் தட்டி எடுக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. கத்தியை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேஜையில் மெழுகு வேலை பார்க்கிற அக்கா, நம்மவர்தான், என்னை எப்போதும் கல்யாணப் பொண்ணு என்று கூப்பிடுகிறவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்தார்.

"எத்தன வாரம்?"

"பத்து" என்றேன். அதுவரை அவரிடம் நான் சொல்லியிருக்கவே இல்லை.

"வா. கோட்டு போட்டுக்க."

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் ஸ்கேன் படத்தை என் பக்கம் திருப்பாமலே பார்த்தாள். குச்சி வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான், கையெல்லாம் கிரீஸ், எதையும் தொடாமல் கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு படிவம் கொடுத்தார்கள். உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதி, ஓரத்தில் கருப்பாக விரல் ரேகை பதித்துத் திருப்பிக் கொடுத்தான். நாங்கள் செய்தது எதுவும் காரணமில்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். மாடிப்படி ஏறியதா என்று கேட்டேன். இல்லை. மாவுத் தூசியா? இல்லை. பொய் சொன்னதா என்று கேட்க வாய் வரை வந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். எடுக்காவிட்டால் பதறுவாள். குச்சி பழக்கத்தில் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"என்ன, படுத்துட்டே பேசற? வந்துடுச்சா?"

இதற்காகத்தான் ஒரு மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். சலிப்பாக, ஒன்றுமே இல்லாத மாதிரி, எந்த வார்த்தையை எப்படி இழுக்க வேண்டும் என்றெல்லாம்.

"வந்துடுச்சும்மா. நேத்து."

"அப்பாடா!" பென்சில் ஓடியது. "பதினாறு… அடுத்தது பதிமூணு… அதுக்கடுத்தது பதினொண்ணு. ஏங்க! இங்க வாங்க! மொத முகூர்த்தத்துக்குத் தடையே இல்ல! ரெண்டாந்தேதி இவ சுத்தமா இருக்கா!"

அப்பாவின் கட்டைவிரல் வந்தது, அப்புறம் அப்பா. "பாத்தியா, உன் இஷ்டப்படியே அமைஞ்சிடுச்சு. நீ ஆசைப்பட்ட தேதி."

"ம்."

"என்ன ம்? அன்னிக்கு அப்படிக் குதிச்ச? வயிறு வலிக்குதா?"

"கொஞ்சம்."

"வெந்நீர் பாட்டில் வெச்சுப் படு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா. அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

போன் அணைந்த பிறகும் குச்சி வெளியே வரவில்லை. உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்று நாள் போனில் படங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. மாலை மாதிரி, பத்திரிகை மாதிரி, சமையல்காரரின் பட்டியல். எல்லாவற்றுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினேன். நான்காம் நாள் காலை அம்மா மறுபடியும் வந்தாள். அந்த வாரமே பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும், தேதியை உறுதி செய்ய வேண்டும். ஒன்றரை மாதத்தில் நான் அந்த மணையில் உட்கார்ந்து, எல்லோரும் அட்சதை போடப் போட, சிரிக்க வேண்டும். அந்தத் தேதியை நாங்கள் யாருக்காகக் கேட்டோம் என்று எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

"ம்மா, ரெண்டாவது முகூர்த்தமே வெச்சுக்கலாம்."

"விளையாடறியா? நீதானே மொதத் தேதி மொதத் தேதின்னு உசுர எடுத்த?"

"இப்ப வேணாம்."

"மாப்பிள்ளையோட சண்டையா?"

"இல்ல."

அம்மா காலண்டரைக் கீழே வைத்துவிட்டுப் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "இன்னுமா படுத்திருக்க? நாலாவது நாளாச்சே. இன்னும் போகுதா?"

"போகுதும்மா."

"ரொம்பவா?"

தலையாட்டினேன்.

"உனக்கு எப்பவும் மூணு நாள்தானே?"

"ம்மா" என்றேன். "இது அது இல்லம்மா."

அம்மாவின் வாய் லேசாகத் திறந்தது.  எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. நான், இவ்வளவு பேசுகிறவள். குளியலறைக் கதவு திறந்தது. பனியனும் ஈரத் தலையுமாகக் குச்சி நடந்து வந்து, கட்டிலில் என் பக்கத்தில், அம்மாவுக்குத் தெரியும்படி உட்கார்ந்தான்.

அம்மா சட்டென்று எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். "வாங்க மாப்பிள்ள" என்றாள்.

பழக்கம். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகுதான் அவள் அறையைப் பார்த்தாள், அவன் பனியனைப் பார்த்தாள், நாற்காலியில் தொங்கும் அவன் சட்டையைப் பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்தாள்.

"என்ன மன்னிச்சிடுங்க அத்த" என்றான் குச்சி.  எழுந்து, சட்டையை எடுத்துக்கொண்டு, மாடிப்படிப் பக்கம் போய்விட்டான்.

"அப்ப அந்த நர்ஸ் பொண்ணு?"

"அப்படி யாரும் இல்லம்மா."

"அவளுக்கும் சேத்து ஒரு புடவ எடுத்து வெச்சிருக்கேன்டி" என்றாள் அம்மா. இதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. "எத்தன வாரம்?"

"பத்து."

விரல்கள் மடியில் அசைந்தன. எண்ணுகிறாள் என்று தெரிந்தது. நான் ஒன்பது என்று சொன்ன காலை வரைக்கும் பின்னால் போய், அதையும் தாண்டிப் போனாள்.

"மூணு தடவ கேட்டேன். மூணு தடவயும் என் மூஞ்சியப் பாத்து ஏதோ ஒண்ணு சொன்ன."

"பயமா இருந்துச்சும்மா."

"எங்கிட்டயா?"

"அப்பாகிட்ட. எல்லார்கிட்டயும்."

"திட்டிருப்பேன்" என்றாள் அம்மா. "ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அதுக்கப்புறம்?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குச் சொல்லியிருந்தா ஒரு மாசமாவது நானும் பாட்டியா இருந்திருப்பேன்ல? இருக்கறப்பவும் தெரியல, போனப்பவும் தெரியல. நான் பாட்டுக்கு அப்பாடான்னேன். உன் மூஞ்சியப் பாத்து அப்பாடான்னு சொன்னேனேடி."

நான் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டேன். இந்த நான்கு நாளில் முதல் முறையாகச் சத்தமாக அழுதேன். அவளுக்கு என் அறையின் கூரைதான் தெரிந்திருக்கும். போனை வைக்கவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. காத்திருந்தாள்.

அந்தப் பக்கம் கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "ஏம்மா, அச்சாபீஸ்காரங்க லைன்ல இருக்காங்க. எந்தத் தேதி போடறதுன்னு கேக்கறாங்க. ரெண்டாந்தேதின்னு சொல்லிடவா?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். அப்புறம் பேசறோம்னு வையுங்க."

"எப்போ?"

"தெரியல. வையுங்க சொல்றேன்."

காலடிச் சத்தம். கதவைச் சாத்தித் தாழ் போடுகிற சத்தம். நான் போனைக் கையில் எடுத்தபோது அம்மா தரையில், கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கி, வயதாகித் தெரிந்தாள். அப்பாவிடம் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?" என்றாள்.

"நீ மொதல்ல கேட்டியே, அன்னிக்கு சாயங்காலம்."

"மாப்பிள்ள என்ன சொன்னாரு?"

"ஸ்பானர் பை மேல உக்காந்துட்டாரு."

அம்மாவின் உதடு லேசாக விரிந்து, மறுபடி கோணிக்கொண்டது. போனை முழங்காலில் நிறுத்தி வைத்தாள்.

"ம். அப்புறம்? எல்லாத்தயும் சொல்லு."